காப்பி டப்பாவில் பதினொரு நோட்டுகள்: ஒரு சுவீடன் பணத்தாள் ஆய்வு

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சுவீடனில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் பெயர் சொல்லி, ‘நீ’ போட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் அதில் நாக்கு கூசும். அதனால் தமிழில் எழுதும்போதாவது அவரைப் பாட்டி என்றே சொல்லிக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் துருப்பிடித்த காப்பி டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அவருடைய அப்பா வைத்திருந்ததாம். பின்னால் வந்தவர்களும் கையில் கிடைத்த சில நோட்டுகளை அதற்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

“இதில் 1873ஆம் வருஷத்து நோட்டு ஒன்று இருக்கிறது. நீ இந்தப் பழைய காசு விஷயமெல்லாம் பார்ப்பவன் ஆயிற்றே. என்ன தேறும், சொல்லு.”

டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருப்பதை மேசைமேல் கொட்டப் போனார். பாதியிலேயே தடுத்துவிட்டேன். எந்த நோட்டு எதோடு சேர்ந்து மடிந்திருக்கிறது, எது அடியில் கிடக்கிறது என்பதெல்லாம் கூட ஒரு சாட்சிதான். ஒவ்வொன்றாக எடுத்து, இருபுறமும் படம் பிடித்து, எண் போட்டு ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதினேன். மொத்தம் பதினொன்று. சிலது அழுக்காக இருந்தது. பாட்டி ஈரத்துணியால் துடைக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் நான் 1915ஆம் ஆண்டு 1 குரோனா நோட்டு ஒன்றை, மடிப்பு போகட்டும் என்று துணி போட்டு இஸ்திரி போட்டேன். மடிப்பு என்னவோ போய்விட்டது. கூடவே அச்சின் மேடுபள்ளமும் தாளின் மொரமொரப்பும் போய்விட்டன. தேய்த்து வெளுத்த சட்டை மாதிரி இன்றும் என் ஆல்பத்தில் இருக்கிறது, யாராவது இஸ்திரிப் பெட்டி என்று பேச்செடுத்தால் காட்டுவதற்காக.

சரி, 1873க்கு வருவோம்.

தங்கம் தருவதாகச் சொன்ன நோட்டு

பாட்டி காட்டியது ஒரு 5 குரோனா. முன்பக்கத்தில் ஸ்வேயா உட்கார்ந்திருக்கிறாள். நமக்குப் பாரதமாதா எப்படியோ, சுவீடன்காரர்களுக்கு ஸ்வேயா அப்படி. பின்பக்கத்தில் தாடியோடு குஸ்தாவ் வாசா. நாட்டை டென்மார்க்கின் பிடியிலிருந்து விடுவித்து 1523இல் அரசரானவர். முன்பக்கத்து வாசகத்தில் ‘30 மே 1873’ என்று பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. பாட்டி சொன்னதில் பொய் இல்லை. வாசகத்தை முழுசாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாசகத்தின் பொருள் இது: சுவீடன் ரிக்ஸ்பாங்க் (நாட்டின் மத்திய வங்கி), கேட்டவுடன், இந்த ஐந்து குரோனா நோட்டுக்குப் பதிலாக, 1873 மே 30 தேதியிட்ட நாணயச் சட்டத்தின்படி தங்க நாணயம் தரும். ஆக 1873 என்பது சட்டத்தின் தேதி. நோட்டின் வயது அதுவல்ல. அச்சான ஆண்டு அதே நோட்டில் தனியாக இருக்கிறது: 1939.

இது பாட்டிக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. பழைய குரோனா நோட்டு கையில் கிடைக்கும் பலரும் முதலில் விழுவது இந்தக் குழியில்தான். அந்தச் சட்டம்தான் ரிக்ஸ்டாலர் என்ற பழைய பணத்தை எடுத்துவிட்டுக் குரோனாவைக் கொண்டுவந்தது. டென்மார்க்கும் சுவீடனும் அதே ஆண்டு ஒரே தங்க அளவில் பணத்தைக் கட்டிக்கொண்டன. 1875இல் நார்வேயும் சேர்ந்தது. ஒரு கிலோ சுத்தத் தங்கத்துக்கு 2,480 குரோனா என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் பாட்டி கையிலிருக்கும் 5 குரோனா கிட்டத்தட்ட 2 கிராம் தங்கம். இதைச் சொன்னதும் பாட்டியின் கண் விரிந்தது. “அப்படியென்றால் நாளைக்கே புரூங்கெபெர்க் சதுக்கத்துக்குப் பஸ் ஏறட்டுமா?” என்றார். ரிக்ஸ்பாங்கின் தலைமையகம் ஸ்டாக்ஹோமில் அங்கேதான் இருக்கிறது.

பஸ் ஏறிப் பலனில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய 1914இலேயே தங்கம் கொடுப்பதை நிறுத்தினார்கள். 1924இல் திரும்பத் தொடங்கினார்கள். 1931 செப்டம்பரில் அதையும் கைவிட்டார்கள். ஆனால் நோட்டில் இருந்த வாசகத்தை யாரும் எடுக்கவில்லை. 1939இல் அச்சடித்த நோட்டு, எட்டு வருஷம் முன்பே செத்துப்போன ஒரு வாக்குறுதியைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வங்கியைக் கேட்டால் அது வெறும் வாசகம் என்பார்கள். எனக்கோ சுவீடன் நோட்டு சேகரிப்பில் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இந்த நோட்டின் பின்பக்கம், ஓரத்தில், பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. அதைப் பற்றி அப்புறம்.

இங்கே தரம் பிரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சுவீடனில் நாணயத்துக்கும் நோட்டுக்கும் தனி அளவுகோல் உண்டு. கைபடாத புதிது 0. அதற்கு அடுத்தது 01. பிறகு 1+, அப்புறம் 1, இப்படி இறங்கும். நமக்கு முட்டை மார்க் என்றால் வீட்டில் அடி விழும். இவர்களுக்கு அதுதான் முதல் மார்க். பாட்டியின் 5 குரோனாவில் நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் லேசான அழுக்கு. பென்சில் இல்லையென்றால் 1+ தாராளமாகச் சொல்லலாம். 1939 அரிதான ஆண்டு இல்லை. இந்த வகை 5 குரோனாவை வருஷா வருஷம் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அரசரும் அவருக்குப் பின்னால் நின்ற எழுத்தாளரும்

அதற்கடுத்து வந்த இரண்டு 5 குரோனாக்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. 1948. முகத்தில் கண்ணாடியோடு வயசான அரசர். அது குஸ்தாஃப் ஐந்தாமவர். 1858இல் பிறந்தவருக்கு 1948இல் தொண்ணூறு நிறைந்தது. அதற்காக வெளியிட்ட நினைவு நோட்டு. இரண்டு வருஷத்தில் அவர் இறந்துபோனார். நினைவு நோட்டு என்றால் ஜனங்கள் செலவழிக்காமல் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதனால்தான் இது நிறையவும் மிஞ்சியிருக்கிறது, நல்ல நிலையிலும் மிஞ்சியிருக்கிறது. பாட்டியின் இரண்டும் சேர்த்து மடித்து வைக்கப்பட்டவை. மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறது. வாங்கிய நாளிலிருந்து பிரிந்ததே இல்லை போலிருக்கிறது.

பிறகு நான்கு 10 குரோனாக்கள். எல்லாம் குஸ்தாஃப் ஆறாம் அடால்ஃப் படம் போட்டவை. இந்த வகை 1963இல் தொடங்கி 1990 வரை ஓடியது. அதற்கப்புறம் 10 குரோனா நாணயமாகிவிட்டது. பாட்டி இவற்றைத் தள்ளி வைத்தார். “இதெல்லாம் நானே கடையில் கொடுத்துச் சாமான் வாங்கிய நோட்டு. இதில் என்ன இருக்கிறது?”

ஜன்னலோரம் போய் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். மேலிருந்து கீழாக ஒரே முகம் திரும்பத் திரும்ப வாட்டர்மார்க்காகத் தெரியும். குத்திட்ட தலைமுடி, முறுக்கிய மீசை. எழுத்தாளர் ஆகஸ்ட் ஸ்ட்ரின்பெர்க். 1884இல் மத நிந்தனை வழக்கில் நீதிமன்றம் ஏறி விடுதலையானவர். அரசாங்கத்தோடும் சர்ச்சோடும் வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றவர். அச்சில் தெரிவது அரசர். தாளுக்குள் ஒளிந்திருப்பது அவர். இதே காலத்து 100 குரோனாவில் அச்சில் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப், வாட்டர்மார்க்கில் அவருடைய பிரதம ஆலோசகர் ஆக்ஸல் ஒக்ஸென்ஷெர்னா. அது பொருத்தமான ஜோடி. ஸ்ட்ரின்பெர்க் விஷயத்தில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே முடிவெடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். பாட்டி ஒரு காலத்தில் தினமும் கையில் பிடித்த நோட்டில் இப்படி ஒரு ஆள் இருப்பதை அன்றுதான் பார்த்தாராம்.

அந்த நான்கில் ஒன்றில்தான் டப்பாவின் உண்மையான சரக்கு இருந்தது. வரிசை எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன நட்சத்திரம். அச்சகத்தில் ஒரு நோட்டு கெட்டுப்போனால், அதே எண்ணைத் திரும்ப அடிப்பது பெரிய தலைவலி. அதற்காகத் தனியாக எண்ணிட்ட மாற்று நோட்டுகளை வைத்திருப்பார்கள். கெட்டதை எடுத்துவிட்டு இதைச் சொருகிவிடுவார்கள். நம் ரிசர்வ் வங்கி நோட்டுகளிலும் 2006க்குப் பிறகு இதே நட்சத்திரம் உண்டு என்பதால் இந்தியச் சேகரிப்பாளர்களுக்கு இது புதுசில்லை. மாற்று நோட்டு குறைவாகத்தான் வரும். பார்வைக்கு நான்கும் ஒன்றுபோல; ஆனால் சேகரிப்பாளர்கள் மூன்றைச் சட்டை செய்யமாட்டார்கள், நான்காவதைத் தேடுவார்கள்.

நான் சறுக்கிய இடம்

ஒரு 20 குரோனா, ஒரு 100 குரோனா. இரண்டும் நம் காலத்தவை. 20இல் இருப்பவர் செல்மா லாகர்லோஃப். 1909இல் இலக்கிய நோபல் பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். தமிழ் வாசகர்களுக்கு க.நா.சு.வின் மொழிபெயர்ப்பு வழியாகத் தெரிந்தவர். இந்த நோட்டு புழங்கிய காலத்தில் இங்கே 20 குரோனாவையே ‘ஒரு செல்மா’ என்று சொன்னார்கள். 100இல் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ்.

இந்த நோட்டுகளில் ஆண்டு முழுசாக அச்சாகவில்லை. வரிசை எண்ணின் முதல் இலக்கம்தான் அச்சான ஆண்டின் கடைசி இலக்கம். லின்னேயஸ் நோட்டில் எண் 6இல் தொடங்கியது. இந்த நோட்டு வெளிவந்ததே 1986இல். ‘முதல் வருஷத்து நோட்டு, நல்ல நிலை’ என்று எழுதிவிட்டேன். பாட்டியிடமும் சொல்லிவிட்டேன்.

இரவு படங்களைப் பெரிதுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கையெழுத்து உறுத்தியது. சுவீடன் நோட்டில் இரண்டு கையெழுத்து இருக்கும். அதில் ஒன்று வங்கியின் ஆளுநருடையது. 1986இல் ஆளுநர் பெங்ட் டென்னிஸ். 1982 முதல் 1993 வரை அவர்தான். இதில் இருந்ததோ ஊர்பான் பெக்ஸ்ட்ரம். அவர் 1994இல் வந்து 2002 வரை இருந்தார். ஆக இந்த 6 என்பது 1986 இல்லை, 1996. பத்து வருஷம் தவறிப்போனது. இலக்கம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ‘முதல் வருஷம்’ என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மறுநாள் காலையில் மாடி ஏறிப் போய்ப் பாட்டியிடம் திருத்திச் சொன்னேன். “நீயும் 1873 மாதிரிதான் படிக்கிறாய்” என்றார். பதில் பேச வாயில்லை.

அந்த 20 குரோனா 2016 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. அந்த 100 குரோனாவும் இப்போது செல்லாது. ரிக்ஸ்பாங்கில் கொடுத்து மாற்றலாம் என்றாலும் அதற்குக் கட்டணம் உண்டு. ஒரு 100ஐயும் ஒரு 20ஐயும் தூக்கிக்கொண்டு போனால் அலைச்சல்தான் மிச்சம்.

முப்பத்திரண்டு ஸ்கில்லிங்

டப்பாவின் அடியில், பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளுக்குள் மடித்து வைத்திருந்தது இது. ஒருபக்கம் மட்டும் அச்சு. தாள் மெல்லிசு, ஆனால் கையில் எடுத்தால் துணிபோல ஒரு திடம். ‘32 ஸ்கில்லிங் பாங்கோ’, ஆண்டு 1848.

முதலில் வங்கியின் பெயரைப் பார்த்தேன். இதில் ‘ரிக்ஸ்பாங்க்’ என்று இல்லை. ‘நாட்டு வகுப்புகளின் வங்கி’ என்ற பொருள்தரும் பழைய பெயர் இருக்கிறது. பிரபுக்கள், மதகுருக்கள், நகரத்தார், குடியானவர்கள் என்று நான்கு வகுப்பாரும் தனித்தனியாக உட்காரும் மன்றம்தான் அப்போது சுவீடனின் நாடாளுமன்றம். வங்கி அவர்களுடையது. 1866இல் அந்த மன்றம் கலைந்து புது நாடாளுமன்றம் வந்தது. அதையொட்டியே வங்கிக்கும் சுவீடன் ரிக்ஸ்பாங்க் என்று பெயர் மாறியது. ஆகவே ஆண்டு அழிந்துபோன நோட்டாக இருந்தாலும், பெயரில் வகுப்பு இருந்தால் அது குரோனாவுக்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அடுத்த கேள்வி பாட்டி கேட்டது. “அது என்ன முப்பத்திரண்டு? பத்து, இருபது, ஐம்பது என்று ஒரு முழு எண் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?”

நல்ல கேள்வி. இதே வரிசையில் 6⅔ ரிக்ஸ்டாலர், 16⅔ ரிக்ஸ்டாலர், 33⅓ ரிக்ஸ்டாலர் என்றெல்லாம் நோட்டு உண்டு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு யாரோ தண்ணியடித்துவிட்டு விலை போட்டது போலத் தோன்றும். ஆனால் கணக்கு கச்சிதமானது.

அரசர் மூன்றாம் குஸ்தாவ் 1788இல் ரஷ்யாவோடு சண்டை தொடங்கினார். செலவுக்குப் பணம் வேண்டும். வகுப்பு மன்றத்தின் கையில் இருக்கும் வங்கியோ அவர் இழுத்த இழுப்புக்கு வராது. 1789இல் கடன் அலுவலகம் ஒன்று தனியாக வந்தது. அது தன் பங்குக்கு நோட்டு அடிக்கத் தொடங்கியது. ஆக ஒரே நாட்டில் இரண்டு ரிக்ஸ்டாலர்: வங்கி நோட்டுக்குப் பாங்கோ, கடன் அலுவலக நோட்டுக்கு ரிக்ஸ்யெல்ட்ஸ். இரண்டாவதை அளவில்லாமல் அடித்ததில் அதன் மதிப்பு சரிந்தது. கடைசியில் 1803இல், ஒரு பாங்கோவுக்கு ஒன்றரை ரிக்ஸ்யெல்ட்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள்.

ஜனங்கள் சந்தையில் கணக்குப் பார்த்தது மலிவான பணத்தில்தான். முட்டை விலையும் பால் விலையும் ரிக்ஸ்யெல்ட்ஸில். நோட்டு அடிக்கும் வங்கிக்கோ கணக்கு பாங்கோவில். இப்போது 6⅔ஐ ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள்: 10. 16⅔ என்பது 25. 33⅓ என்பது 50. வங்கி தன் கௌரவத்துக்குப் பின்னத்தை அச்சடித்தது, ஜனங்கள் கையில் அது முழு எண்ணாகப் புழங்கியது. ஒரு ரிக்ஸ்டாலருக்கு 48 ஸ்கில்லிங். 32ஐ ஒன்றரையால் பெருக்கினால் 48. அதாவது பாட்டியின் நோட்டு அன்றைய சந்தையில் சரியாக ஒரு ரிக்ஸ்டாலர்.

இன்னும் இரண்டு படி இறங்கலாம். 1855இல் அந்த ரிக்ஸ்டாலர் ரிக்ஸ்யெல்ட்ஸையே 100 ஓரே கொண்ட ரிக்ஸ்டாலர் ரிக்ஸ்மிண்ட் என்று ஆக்கினார்கள். 1873இல் அந்த ஒரு ரிக்ஸ்டாலர் அப்படியே ஒரு குரோனா ஆனது. பாட்டியின் 32 ஸ்கில்லிங்கும் அவர் பையில் இருக்கும் ஒரு குரோனா நாணயமும் ஒரே பணம்தான். பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. இதை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியபோது பாட்டி பென்சிலை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்துக்கொண்டார்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது தும்பாத் தாள். தும்பா என்றதும் நமக்குக் கேரளத்து ராக்கெட் தளம் ஞாபகம் வரும். இது ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே இருக்கும் ஊர். கள்ளநோட்டுத் தொல்லை தாங்காமல் வங்கி 1755இல் அங்கே சொந்தமாகத் தாள் ஆலை வைத்தது. தொழில் தெரிந்த இரண்டு சகோதரர்களை ஹாலந்திலிருந்து வரவழைத்தது. அன்று தாளுக்கு மூலப்பொருள் மரக்கூழ் இல்லை, கந்தல் துணி. பாட்டி விரலால் தடவிவிட்டு “துணி மாதிரி இருக்கிறதே” என்று சொன்னது அதனால்தான்.

இந்த நோட்டின் மேல் ஓரம் மட்டும் மற்ற மூன்று ஓரங்களைவிட நேர்க்கோடாக இருந்தது. கத்திரி பட்டிருக்கிறது. கிழிந்த ஓரத்தை ஒழுங்கு செய்கிறேன் என்று யாரோ வெட்டியிருக்க வேண்டும். எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘தரம் 0’ என்று நம்பி ஒரு நோட்டு வாங்கினேன். மூலைகள் கத்திபோல் கூர்மையாக இருந்தன. ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. தேய்ந்த மூலைகளை வெட்டித் தள்ளிவிட்டு, புதுசு என்று தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து லென்ஸுக்கு முன்னால் ஸ்கேலைத்தான் எடுக்கிறேன்.

முந்நூற்றைம்பது வருஷத்து ஆசை

கடைசியாக, நான்காக மடித்த பெரிய தாள். பழுப்பேறியது. மேலே அலங்காரச் சட்டம், கீழே முத்திரைகள், வரிசையாகக் கையெழுத்துகள். ‘க்ரெடிடிவ் ஸெடல்’. ஸ்டாக்ஹோம் பாங்கோ. நூறு டாலேர் வெள்ளிப் பணம். 1666.

பாட்டி அதுவரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியில் காட்டலாம் என்று வைத்திருந்திருக்கிறார்.

இது அசலாக இருந்தால் என்ன என்பதை முதலில் சொல்கிறேன். ரீகாவில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் கடனுக்காகச் சிறையிருந்து, பிறகு ஸ்டாக்ஹோம் வந்து பெரிய மனிதரானவர் யோஹான் பால்ம்ஸ்ட்ரூக். 1656இல் அரசரிடம் அனுமதி வாங்கி, ஸ்டாக்ஹோம் பாங்கோ என்ற இந்த வங்கியைத் தொடங்கினார். அன்றைய சுவீடனில் பணம் என்றால் செம்புத் தகடு. 1644இல் அடித்த 10 டாலேர் தகடு ஒன்றின் எடை 19.7 கிலோ. அந்தக் கணக்கில் 100 டாலேரைக் கொண்டுபோக மாட்டுவண்டி வேண்டும். 1660இல் அரசாங்கம் புதுத் தகட்டின் எடையைக் குறைத்தது. பழைய கனமான தகட்டை வங்கியில் போட்டிருந்தவர்கள் எல்லாம் அதைத் திரும்பக் கேட்டு வாசலில் நின்றார்கள். கொடுக்க வங்கியிடம் அவ்வளவு இல்லை. அப்போதுதான் பால்ம்ஸ்ட்ரூக் 1661இல் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். யார் கொண்டுவந்தாலும் பணம் என்று சொன்ன அந்தச் சீட்டுதான் ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு. கொஞ்ச நாளிலேயே கையிருப்புக்கு மீறி எழுதித் தள்ளினார், கதை முடிந்தது. 1668இல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். 1671இல் இறந்தார். அவருடைய வங்கி இருந்த இடத்தில் அதே 1668இல் வகுப்பு மன்றம் தொடங்கியதுதான் இன்றைய ரிக்ஸ்பாங்க். சூடு கண்ட பூனை என்பதால், புது வங்கி நோட்டு அடிக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே தடை போட்டுவிட்டார்கள்.

1666இல் வெளியிட்டவை 10, 25, 50, 100 டாலேர் நோட்டுகள். அருங்காட்சியகங்களில் இருப்பதும் எப்போதாவது ஏலத்துக்கு வருவதும் பெரும்பாலும் இவைதான். ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகக் கட்டடத்தில் இப்போது இயங்கும் அரச நாணயக் காட்சியகத்தின் சேகரிப்பு இந்த விஷயத்தில் பார்க்க வேண்டிய ஒன்று.

பாட்டியின் தாளை முதலில் வெளிச்சத்தில் பிடித்தேன். அசலில் தாளுக்குள் ‘பாங்கோ’ என்ற வாட்டர்மார்க் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. கையால் வார்த்த தாளில் சல்லடைக் கம்பியின் கோடுகள் தெரியும், அதுவும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கனம். பின்பக்கம் விரலை ஓட்டினேன். எழுத்தச்சில் அழுத்தி அடித்த நோட்டென்றால் எழுத்து பின்பக்கம் லேசாகத் தடம் பதித்திருக்கும். வழுவழு என்றிருந்தது.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். பால்ம்ஸ்ட்ரூக்கின் கையெழுத்தின் மேலே வைத்தேன். இறகுப் பேனா என்றால் கோடு தொடங்கும் இடத்தில் மை தேங்கும், வளைவில் மெலியும், தாளின் நாருக்குள் ஊறி ஓரம் பிசிறும். இங்கே கோடே இல்லை. கிட்டத்தில் பார்த்தால் எல்லாம் புள்ளி. பக்கத்திலிருக்கும் அச்செழுத்தும் அதே புள்ளி. முத்திரையின் ‘மேடு’ என்று கண்ணுக்குத் தெரிந்தது வெறும் நிழல், அதுவும் புள்ளிதான். தாளின் பழுப்பும் அப்படியே. வயதால் வந்த கறைகூட ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சானது.

லென்ஸைப் பாட்டியிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். “செய்தித்தாள் படம் மாதிரி இருக்கிறது” என்றார். அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை. நினைவுப் பொருளாகவும் புத்தக இணைப்பாகவும் செய்த நகல்கள் ஏராளம். யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்தவை இல்லை. ஒரு வீட்டு டப்பாவில் இரண்டு தலைமுறை தூங்கினால் நகலும் பரம்பரைச் சொத்து ஆகிவிடுகிறது.

“இதைச் செய்தவனுக்குத் தண்டனை உண்டா?” என்று கேட்டார். 18ஆம் நூற்றாண்டு சுவீடன் நோட்டுகளில், இதைப் போல் செய்பவன் தூக்கிலிடப்படுவான் என்று நோட்டிலேயே அச்சடித்திருப்பார்கள், காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதி என்றும் கூடவே இருக்கும் என்றேன். பால்ம்ஸ்ட்ரூக் நோட்டை நகலெடுத்தால் இன்று யாரும் கயிறு தேடமாட்டார்கள். பாட்டி சிரிக்கவில்லை. தாளை மறுபடி நான்காக, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

பதினொன்றையும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கொடுத்தேன். பிவிசி உறை கூடாது, அதிலிருந்து கசியும் ரசாயனம் நோட்டைப் பிசுபிசுப்பாக்கிவிடும் என்பதால் பாலியெஸ்டர் உறை. என் குறிப்பு இப்படி முடிந்தது: விற்பதென்றால் நட்சத்திர 10 குரோனாவைத் தனியாக விற்கவும், 32 ஸ்கில்லிங், ஓரம் வெட்டியது என்று சொல்லியே விற்கவும், 1948 ஜோடியைப் பிரிக்க வேண்டாம், 1939 நோட்டில் பென்சில் கிறுக்கல் இருப்பதால் தரம் 1.

பாட்டி கடைசி வரியில் விரலை வைத்தார். “பென்சிலா? காட்டு.”

நான் அதைக் கவனமாகப் படித்திருக்கவில்லை. கறை என்ற கணக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். மென்மையான ரப்பரால் அழிக்கலாம், சில வியாபாரிகள் அப்படிச் செய்வதுண்டு என்று வேறு சொல்லத் தொடங்கினேன். பாட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் லென்ஸை எடுத்து, பின்பக்க ஓரத்தில் வைத்தார். ஒரே ஒரு சொல். ‘ஸ்கூர்’. செருப்பு, ஷூ என்று அர்த்தம்.

“அப்பா கையெழுத்து” என்றார். பிறகு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாங்கியே கொடுக்கவில்லை பார், நோட்டு இங்கேயே இருக்கிறதே” என்று சொல்லி, அதை மட்டும் உறையிலிருந்து உருவித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.